படிக்காவிட்டால் ஆடுகூட மேய்க்க முடியாது

கடந்த தீபாவளிக்கு ஜாசினில் உள்ள பாட்டி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். படிவம் நான்கில் படிக்கும் பெரியப்பா மகனுக்கு அப்போதுதான் தேர்வு முடிவு வந்திருந்தது. கணிதத்திலும் அறிவியலிலும் மதிப்பெண் சரியில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "இப்படியே இருந்தா நீ ஆடு மேய்க்கத்தான் போவணும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் பக்கத்தில் இருந்த சித்தப்பா சிரித்துவிட்டார். "என்னண்ணே, ஆடு மேய்க்கிறது அவ்ளோ சுலபமா? நான் மேய்ச்சிப் பார்த்தேனே. எட்டு ஆட்டைக் குழி தோண்டிப் புதைச்சதுதான் மிச்சம். படிச்சிருந்தா புதைச்சிருக்க மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்திருப்போம்! படிப்பு ஏறாதவனுக்கு ஆடு, மாடு, படிப்பவனுக்கு அலுவலகம். இந்தக் கணக்கு தவறு என்பதே என் கருத்து. கால்நடை வளர்ப்பு படிக்காதவனுக்கான தொழில் அன்று. இன்றைய நிலையில், படிக்காமல் அதில் இறங்குபவன் கையில் இருக்கும் பணத்தையும் இழப்பான்.

தோட்டத்து வங்கி

மலாக்காவுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்ற வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான் என்று சொல்வார்கள். அதன்பின் புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் தோட்டம் திறந்தார். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அடுத்தடுத்துத் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பால்மரம் சீவ வந்தார்கள்.

சீவும் கூலி மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. அதனால் லயத்துக்குப் பின்னால் ஒரு சிறு கொட்டகை இருந்தது. சில வீடுகளில் கறவை மாடு, பல வீடுகளில் நாலைந்து வெள்ளாடு, எல்லா வீடுகளிலும் கோழி. இந்த நாட்டில் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே ஒரு வகை அரசாங்கப் பதிவுகளில் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த குடியேறிகளோடு வந்த மாடுகளின் வழிவந்தவை அவை. நாம் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது உழைப்பை மட்டுமன்று, ஒரு மாட்டினத்தையும்தான்.

என் பாட்டி ஆறு வெள்ளாடு வளர்த்தார். காலையில் மரம் சீவிவிட்டு, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் ஆட்டை அவிழ்ப்பார். திரும்பும்போது ஒரு கட்டு பலா இலை வரும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கிடா விற்கப்படும். அந்தப் பணத்தில் நான்கு பிள்ளைகளுக்கும் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை. என் அப்பா எஸ்.பி.எம். வரை படித்ததில் அந்த ஆடுகளுக்கும் பங்குண்டு. ஆடு மேய்த்த காசில் படித்தவர்களின் பிள்ளைகளாகிய நாம்தான் இன்று ஆடு மேய்ப்பதை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

பெரியவர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. தோட்டத்து வாழ்க்கையின் கஷ்டத்தை அவர்கள் அனுபவித்தார்கள். தம் பிள்ளைகள் அதே லயத்துக்குத் திரும்பக் கூடாது என்று நினைத்தார்கள். அது பாசம், குறை சொல்ல முடியாது. ஆனால் லயத்தை வெறுத்தபோது கொட்டகையையும் சேர்த்து வெறுத்துவிட்டோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் தாமானுக்கு வந்தார்கள். வரிசை வீட்டில் ஆட்டுக்கு இடம் ஏது? ஒரே தலைமுறையில் அந்த அறிவு கைவிட்டுப் போனது.

சித்தப்பாவின் எட்டு ஆடுகள்

சித்தப்பா ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நண்பருடைய ஓர் ஏக்கர் நிலத்தில் 18 செம்மறி ஆடுகளை விட்டார். பாட்டி வளர்த்தது வெள்ளாடு. இவர் வாங்கியது செம்மறி. இரண்டும் ஆடுதானே என்று நினைத்தார். இங்கேதான் முதல் தவறு.

அவருக்குப் பள்ளிக்கூடம் கைத்தொலைபேசிதான். தமிழ்நாட்டுப் பண்ணையாளர்களின் காணொளிகளைப் பார்த்தார். நல்ல காணொளிகள்தாம். பரண் போடுவது எப்படி என்று அதில்தான் கற்றார். மரச்சட்டங்களுக்கு இடையே புழுக்கை விழும் அளவு இடைவெளி விட்டு, தரையிலிருந்து உயர்த்திக் கொட்டகை அமைத்தார். நம் மழைக்கு அது மிகவும் ஏற்றது. அதே காணொளிகளில், 'புண்ணாக்கு கொடுங்கள், எடை கூடும்' என்றும் சொன்னார்கள்.

அங்கே புண்ணாக்கு என்றால் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு. இங்கே தீவனக் கடையில் மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டையின் பருப்பில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு. 'பி.கே.சி.' என்று கேட்டால் கொடுப்பார்கள். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. பக்கத்தில் மாடு வளர்ப்பவர் அதைத் தாராளமாகப் போட்டு, மாடுகள் கொழுகொழுவென்று இருந்தன. சித்தப்பாவும் செம்மறிகளுக்கு அப்படியே போட்டார்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் ஓர் ஆடு தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்றது. கண் மஞ்சளானது. சிறுநீர் கறுத்த சிவப்பாகப் போனது. இரண்டு நாளில் இறந்தது. மூன்று வாரத்துக்குள் ஆறு ஆடுகள் போயின. கண்பட்டுவிட்டது என்றார்கள். எல்லைச்சாமிக்குப் படையல் போடவில்லை என்றார்கள். கடைசியில் மாவட்டக் கால்நடை அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தீவனம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. செம்பு நஞ்சு.

செம்பனைப் புண்ணாக்கில் செம்புச் சத்து கூடுதலாக உண்டு. மாடு அதைச் சமாளிக்கும். வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியால் அதை வேகமாக வெளியேற்ற முடியாது. ஈரலிலேயே சேர்த்து வைக்கும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஈரல் தாங்காமல், சேர்ந்த செம்பு முழுவதும் இரத்தத்தில் கலந்து, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். மஞ்சள் கண்ணும் கறுத்த சிறுநீரும் அதன் அடையாளங்கள். செம்மறியின் மொத்தத் தீவனத்தில் இந்தப் புண்ணாக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு ஆய்வாளர்களின் அறிவுரை. தீவனத்தில் துத்தநாகத்தைச் சேர்த்தால் இந்தப் பாதிப்பு குறையும் என்று செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள்.

அதாவது, என் சித்தப்பாவின் ஆடுகளைக் காப்பாற்றும் அறிவு அவருக்கு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது. ஆங்கிலத்தில் இருந்தது; மலாயில் இருந்தது. அவர் தேடிய மொழியில் இல்லை.

பனி காயட்டும்

மற்ற இரண்டு ஆடுகள் அதற்கு முன்பே இறந்தன. அவற்றைக் கொன்றது புழு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டில் செம்மறிக்குப் பெரிய எதிரி புலியும் நாயும் அல்ல. இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் 'ஹெமோன்கஸ்' என்ற புழுதான். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு புல்லில் விழும். நம் வெயிலிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் நோய் பரப்பும் குஞ்சுப் புழுவாகி, ஈரப் புல்லில் ஏறி நிற்கும். ஆடு அந்தப் புல்லை மேயும்போது மறுபடியும் உள்ளே போகும். இரத்தம் குறைந்து, தாடையின் கீழ் நீர் கோத்து, ஆடு சாகும்.

பாட்டி பனி காய்ந்த பிறகுதான் ஆட்டை அவிழ்த்தார் என்று சொன்னேன் அல்லவா? வேலை முடிந்து வர நேரமானதால்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்டபோது, "பனிப்புல்லு திங்கக் கூடாதுய்யா, வயிறு கெட்டுப்போவும்" என்றார். புழுவின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் ஈரப்புல்லில்தான் ஆபத்து என்பது தெரிந்திருந்தது. பலா இலையும் அப்படித்தான். குஞ்சுப் புழு தரையை ஒட்டிய புல்லில் இருக்கும். உயரத்தில் பறித்த இலையில் இருக்காது.

பாட்டியின் அறிவுக்கு மேல் அறிவியல் இன்னும் இரண்டு படி ஏறியிருக்கிறது. ஒன்று, வெப்பநாட்டில் குஞ்சுப் புழு வேகமாக வளர்வது போலவே வேகமாகச் சாகவும் செய்யும். புல்வெளியில் அது பொதுவாக ஐந்தாறு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. எனவே நிலத்தைப் பத்துப் பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நாள் மட்டும் மேய்த்து நகர்த்தினால், திரும்ப முதல் பாத்திக்கு வரும்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். புழுவில் பெரும்பகுதி செத்திருக்கும். குளிர்நாட்டுப் பண்ணைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் வெயில் நமக்குத் தரும் சலுகை இது.

இரண்டாவது, கண் இமை. தென்னாப்பிரிக்காவில் உருவான 'ஃபமாச்சா' அட்டையில் சிவப்பிலிருந்து வெளுப்பு வரை ஐந்து நிறங்கள் உண்டு. ஆட்டின் கீழ் இமையைத் திருப்பி அட்டையோடு ஒப்பிட்டால் இரத்தச்சோகை தெரியும். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லா ஆட்டுக்கும் மாதம் தவறாமல் பூச்சி மருந்து கொடுத்தால், மருந்துக்குச் சாகாத புழுதான் மிஞ்சும். மலேசியப் பண்ணைகள் பலவற்றில் அப்படி நடந்தும்விட்டது.

ஆட்டின் இனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் படிப்பு வேண்டும். இப்போது பலரும் விரும்பி வாங்கும் 'டோர்ப்பர்' செம்மறி, 1930களில் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக்காக உருவாக்கப்பட்டது. பார்க்க அழகு, எடையும் அதிகம். ஆனால் வறண்ட நிலத்து ஆட்டை நம் நவம்பர் மழையில் விடும்போது கூடுதல் கவனம் தேவை என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். ரப்பர் மரத்தடியில் செம்மறி மேய்ப்பதை நம் ரப்பர் ஆய்வுக் கழகம் 1970களிலேயே ஆராய்ந்தது. ஆடு களையைத் தின்னும், களைக்கொல்லிச் செலவு குறையும், புழுக்கை உரமாகும். ஆனால் மரம் வளர்ந்து நிழல் மூடும்போது புல் குறைந்துவிடும்; அதற்கேற்ப ஆட்டின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு படியிலும் கணக்கு இருக்கிறது.

செம்பும் துத்தநாகமும் வேதியியல். புழுவின் வாழ்க்கைச் சுழற்சி உயிரியல். பாத்தி பிரிப்பது கணிதம். இதைத்தானே அறிவியலில் மதிப்பெண் குறைந்த பையனுக்கு ஏற்ற தொழில் என்றார் பெரியப்பா?

பகல்கனவும் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு நாளையே யாரும் ஆடு வாங்க வேண்டாம். நாட்டில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இங்கே உற்பத்தியாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. தீபாவளிக் காலையில் நம் வீட்டுக் குழம்பில் கொதிப்பதும் பெரும்பாலும் அதுதான். சந்தை இருக்கிறது. நம் கோவில் நேர்த்திக்கடனுக்கு உயிர்க்கிடா வேண்டும். மலாய் அண்டைவீட்டார் பிள்ளைப்பேற்றுக்கு 'அக்கிக்கா' கொடுப்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் உண்டு. உறைந்த இறைச்சி இவற்றுக்கு ஆகாது.

ஆனால் சந்தை இருப்பதாலேயே இலாபம் வந்துவிடாது. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று கிடைக்கும். இருபது பெண் ஆடுகளை வைத்து ஒரு குடும்பம் பிழைத்துவிட முடியாது; சம்பளத்தோடு சேர்ந்த துணை வருமானமாகத்தான் அது இருக்கும். பாட்டிக்கும் அது துணை வருமானமாகத்தான் இருந்தது. முதல் ஆண்டிலேயே முழுநேரத் தொழிலாக்கப் பார்த்ததுதான் பலரைக் கவிழ்த்தது.

நிலம் அடுத்த சிக்கல். சொந்த நிலம் இல்லாதவர்கள் அரசு நிலத்துக்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் எடுப்பார்கள். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு நிலம் இருக்குமா என்று தெரியாதவர் பரண் போடப் பணம் செலவழிப்பாரா? எனவே இளைஞர்களைப் பார்த்து 'முயற்சி செய்யுங்கள்' என்று மேடையில் பேசுவதோடு நம் தலைவர்கள் நின்றுவிடக் கூடாது. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளர்கள் சிறுசிறு தொகையாகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து நிலம் வாங்கிய சமுதாயம் இது. கூட்டுறவுக் கழகங்களும் நிலம் வைத்திருக்கும் ஆலயங்களும் சங்கங்களும் மரத்தடி நிலத்தில் ஐந்தே ஐந்து ஏக்கரை, பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மேய்ச்சலுக்குத் தந்து பார்க்கலாமே?

நாம் செய்யக்கூடியது

படிக்க வழியிருக்கிறது. புத்ரா பல்கலைக்கழகத்திலும் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. அவ்வளவு உயர்ந்த மதிப்பெண் இல்லாதவர்களுக்கு டிப்ளோமா உண்டு. நம் மலாக்காவிலிருந்து அதிகத் தூரமில்லாத குளுவாங்கில், கால்நடைச் சேவைத் துறையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஆனால் நம் பள்ளிகளில் நடக்கும் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மருத்துவர் வருகிறார், வழக்கறிஞர் வருகிறார், பொறியியலாளர் வருகிறார். ஒரு பண்ணையாளரையோ கால்நடை மருத்துவரையோ அழைத்ததை நான் படித்த பதினொரு ஆண்டுகளில் பார்க்கவில்லை. இந்த ஆண்டு ஒருவரை அழைத்துப் பாருங்கள் ஆசிரியர்களே.

அடுத்தது, என்னைப் போன்ற மாணவர்களுக்கு. நமக்கு மூன்று மொழி தெரியும். ஆங்கில ஆய்வுக் கட்டுரையையும் வாசிக்க முடிகிறது, அரசாங்கத்தின் மலாய்க் கையேட்டையும் வாசிக்க முடிகிறது, பாட்டியோடும் பேச முடிகிறது. தமிழ்நாட்டில் 1903ஆம் ஆண்டிலேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. 1989 முதல் அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே தமிழில் நல்ல கையேடுகள் வருகின்றன. ஆனால் செம்பனைப் புண்ணாக்கைப் பற்றி அவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்? அது நம் ஊர்ச் சிக்கல். நாம்தான் எழுத வேண்டும். விடுமுறையில் நான்கு பக்கம் எழுதினால் போதும். என் சித்தப்பாவைப் போல இன்னொருவர் ஆறு ஆட்டைப் புதைக்காமல் இருப்பார்.

வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் செல்வத்துக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் தெரியுமா? 'மாடு'. நம் மொழியில் மாடு என்றாலே செல்வம்தான். கல்வியே உயர்ந்த செல்வம் என்று சொல்ல வந்தவருக்குக்கூட அந்தச் சொல் இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு எப்போது தோன்றியது?

சித்தப்பா இன்னும் தொழிலை விடவில்லை. மிஞ்சிய பத்து ஆடுகள் இப்போது பதினாறாகியிருக்கின்றன. நிலத்தைக் கயிறு கட்டிப் பாத்தியாகப் பிரித்திருக்கிறார். ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் தேதி போட்டு, எந்த ஆட்டுக்கு இமை வெளுத்தது, எதற்கு மருந்து கொடுத்தார் என்று எழுதி வைக்கிறார். எழுதுவது அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்குப் போகும் தம்பிதான். அடுத்த முறை பெரியப்பா அவனைத் திட்டும்போது, கொஞ்சம் மாற்றித் திட்டும்படி கேட்டுக்கொள்ளப் போகிறேன்: "ஒழுங்கா படி. இல்லேன்னா ஆடுகூட மேய்க்க முடியாது."